சௌமு ஏறி உட்கார்ந்த பீப்பாய்

பதினோரு வருஷம் ஒரே தெருவில் குச்சி ஐஸ் விற்றால் என்ன கிடைக்கும்? அந்தத் தெருவில் பல் முளைத்த பிள்ளைகள் அத்தனை பேருக்கும் உங்கள் பெயர் தெரிந்திருக்கும். அவ்வளவுதான். பெரியவர்களுக்கு நீங்கள் வெறும் ஐஸ்காரி. சௌமுவின் நிலைமையும் அதுதான்.

மொம்பாசா பழைய நகரத்தில், மீன் துறைக்கு இறங்கும் சந்தில், பச்சைக் கதவு போட்ட ஒற்றை அறை அவளுடையது. கதவில் சாக்பீஸால் 'ஐஸ் இருக்கு' என்று எழுதியிருப்பாள். மழையில் அழிந்தால் மறுபடி எழுதுவாள். புருஷன் மஸ்கட்டுக்குப் போனவன் போனவன்தான். முதல் இரண்டு வருஷம் போன் வந்தது, அப்புறம் அதுவும் நின்றது. அவன் விட்டுப்போனதில் உருப்படியானது ஒன்றே ஒன்று, மூடி திறந்தால் முனகும் ஒரு பழைய ஃப்ரீஸர். சௌமு அதைத் திட்டிக்கொண்டே பதினோரு வருஷம் ஓட்டிவிட்டாள். புருஷனைத் திட்ட வேண்டியதையும் சேர்த்து அதையே திட்டினாள்.

அவள் செய்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மாம்பழத்தை நீளவாக்கில் நறுக்குவாள். இறைச்சி கோர்த்துச் சுடும் மூங்கில் குச்சியைப் பாதியாக ஒடித்து அதில் செருகுவாள். ஏலக்காய் தட்டிப்போட்ட கெட்டித் தேங்காய்ப்பாலில் ஒரு முக்கு முக்கி, தகரத் தட்டில் பரப்பி உறைய வைப்பாள். ஆனைப்புளிக் கொட்டையை ஊறவைத்துப் பிசைந்து, அந்த வெள்ளைச் சாந்தை வடிகட்டி, சர்க்கரை கலந்து சின்ன அச்சுகளில் ஊற்றுவாள். புளிக்கரைசல் என்றால் மிளகாய்த்தூளும் ஒரு சிட்டிகை உப்பும் உண்டு. எல்லாம் உறைந்ததும் பால்பவுடர் டின்களில் ஏழேழாக அடுக்கி, மூடியை இறுக்கித் திரும்பவும் உள்ளே வைப்பாள். டின் எதற்கு என்றால், அந்த ஃப்ரீஸரின் மறுபாதியில் பக்கத்து வீட்டு மிஷியின் மீன் கிடக்கும். மீன் வாடை ஏறின மாம்பழத்தை எந்தப் பிள்ளை தொடும்?

இதெல்லாம் கதவோரத்து வியாபாரம். கல்யாண அடுப்பு வேறு. எங்கள் தெருவில் கல்யாணம் என்றால் சமைக்க ஆள் பிடிக்க வேண்டியதில்லை. யாருக்கு எந்தப் பண்டம் என்று எப்போதோ முடிவாகிவிட்டது. பிலாவ் என்றால் ஒருத்தி, சமோசா என்றால் இன்னொருத்தி, அல்வா என்றால் மூன்றாமவள். ஒருமுறை ஒருத்தியின் பெயரோடு ஒரு பண்டம் சேர்ந்துவிட்டால் அது சாகும்வரை அவளுடையது. எந்த வீட்டுக் கல்யாணமானாலும் அவளைத்தான் கூப்பிடவேண்டும். அந்தப் பெயரைச் சேர்த்துவைக்கிறவள் ஸெயானாம்மா. அறுபத்தெட்டு வயது, கையில் ஒரு கனத்த வெள்ளி மோதிரம், தெருவையே உட்கார்ந்த இடத்திலிருந்து நடத்துகிற வாய். விருந்து முடிந்ததும் பெண்ணின் தாய் ஒரு ஜோடி லேசோத் துணி கொண்டுவருவாள். ஸெயானாம்மா பெயர் சொல்லிக் கூப்பிட, சமைத்தவள் ஒவ்வொருத்தியின் தோளிலும் அந்தப் பூப்போட்ட துணி விழும். சட்டி கழுவுகிறவர்களுக்குத் துணி கிடையாது, மிஞ்சின பிலாவ் கிடைக்கும். சமைத்தவள் சட்டி கழுவக்கூடாது என்பதும் எங்கள் தெருவின் சட்டம்.

சௌமு பதினோரு வருஷமாகச் சட்டிதான் கழுவினாள். தேங்காய் நாரும் சாம்பலும் போட்டு, மனிதனே உள்ளே படுத்துக்கொள்ளலாம் போன்ற பிலாவ் சட்டிகளைத் தேய்த்துத் தேய்த்து அவள் விரல் நுனியெல்லாம் கறுத்துப்போயிருந்தது. ஒரு லேசோ வேண்டும் என்று அவளுக்கு ஆசையா? துணிக்கு இல்லை. கடையில் அவளே வாங்கிக் கட்டிக்கொள்வாள். தன் பெயரை அந்த வாய் ஒரு பண்டத்தோடு சேர்த்து ஒருமுறை சொல்லவேண்டும், அதுதான் அவள் ஆசை. இதை மிஷியிடம் ஒரே ஒருதரம் சொன்னாள். மிஷி மீனைச் செதில் எடுத்துக்கொண்டே சிரித்தாள்.

"குச்சி ஐஸுக்கு லேசோவா? அடி போடி. நாளைக்குச் சூயிங்கம் விக்கிறவனும் துண்டு கேப்பான்."

வழி திறந்தது நஸ்ராவால். ஷம்ஸாவின் ஒரே மகள் நஸ்ரா, எட்டு வயதில் சௌமுவின் கதவைத் தட்ட ஆரம்பித்தவள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, மருதாணி வைக்கிற நாளன்று சௌமு அக்காவின் ஐஸ் வேண்டும் என்று பிடித்த பிடியில் நின்றாள். ஷஃபான் மாசம். அடுத்த மாசம் ரமலான் என்பதால் தெருவில் இருக்கிற கல்யாணமெல்லாம் அந்த நாலு வாரத்தில்தான் நெருக்கியடிக்கும். வடகிழக்குக் காற்றுகூட அனலாக வீசுகிற வெயில் வேறு.

"சின்னப் புள்ளைங்க நக்குறத கல்யாணத்துல வைக்கிறதா?" என்றாள் ஸெயானாம்மா. "மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளைங்க என்ன நெனைப்பாங்க, ஷம்ஸா?"

"அது இல்லேன்னா நான் மருதாணிக்குக் கையே நீட்ட மாட்டேன்" என்றாள் நஸ்ரா.

ஷம்ஸா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். மகள் சொன்னதைச் செய்கிறவள் என்று அவளுக்குத் தெரியும். கடைசியில் ஸெயானாம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு சௌமுவைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"ஒரு தடவை. அஸர் தொழுதுட்டு நாலு மணிக்கு வைக்கணும். உருகித் தண்ணியா வந்துச்சுன்னா, வந்த வழியே சட்டிப் பக்கம் போயிடு. அப்புறம் இந்தப் பேச்சு எங்கிட்ட வரக்கூடாது. என்ன?"

"சரிம்மா" என்றாள் சௌமு.

நாள் சனிக்கிழமை என்றுதான் முதலில் பேச்சு. பிறகு மாப்பிள்ளையின் சித்தப்பா வரும் விமானம் மாறியதில் வியாழனுக்கு மாறியது. வியாழனாம் என்று மிஷி சொன்னபோது, அப்படியா, ரெண்டு நாள் முன்னாடியே பழம் வாங்கணும் என்று மட்டும்தான் சௌமுவின் மண்டையில் ஓடியது. அங்கேதான் அவள் கோட்டை விட்டாள். அவள் பெயர் சௌமு, எங்கள் பேச்சில் அதற்கு நோன்பு என்று அர்த்தம். ரமலான் மாசத்தில் பிறந்தவள் என்று அப்பன் வைத்த பெயர். அப்பேர்ப்பட்டவளுக்கு, ஷஃபான் மாசத்து வியாழக்கிழமை எங்கள் தெருவில் எந்தப் பெண் பகலில் வாயில் பச்சைத் தண்ணீர் விடுவாள் என்று தோன்றவில்லையே!

போன ரமலானில் தீட்டென்றும் பிரசவமென்றும் விட்டுப்போன நோன்புகளைப் பெண்கள் அடுத்த ரமலானுக்குள் பிடித்துத் தீர்க்கவேண்டும். வருஷம் பூராவும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டு, ஷஃபானில்தான் எல்லோருக்கும் ஞானம் வரும். திங்களும் வியாழனும் தெருவே நோன்பு. சௌமுவும் வழக்கமாக அப்படித்தான். ஆனால் இந்த வருஷம் அவளுக்குப் புத்தி முன்னாலேயே வந்து, விட்டுப்போன ஏழையும் முந்தின ரஜபு மாசத்திலேயே பிடித்து முடித்துவிட்டாள். அந்தப் பெருமையில் இருந்தவளுக்கு மற்றவர்கள் ஞாபகம் வரவில்லை. பிலாவுக்காரிக்கும் சமோசாக்காரிக்கும் ஸெயானாம்மா ஆள் அனுப்பி, நாள் மாறிப்போச்சு, பண்டமெல்லாம் பொழுது சாய்ந்து மஃரிபுக்கு நோன்பு திறக்கும்போதுதான் என்று சொல்லிவிட்டாள். ஐஸ்காரிக்கு ஆள் அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. ஐஸ் ஒரு பண்டம் என்றே யாரும் எண்ணவில்லை என்பதுதான் உண்மை.

வியாழன் மத்தியானம் நூற்று அறுபத்தெட்டு ஐஸ், இருபத்துநாலு டின். மூன்று நாளாக மிஷியின் மீனை வேறு வீட்டு ஃப்ரீஸருக்குத் துரத்திவிட்டு உறைய வைத்தது. கோம்போவின் கைவண்டியில் ஏற்றி, மேலே ஈரச்சாக்கு போட்டு, நல்ல அங்கியும் உடுத்திக்கொண்டு சரியாக நாலு மணிக்கு ஷம்ஸா வீட்டு முற்றத்தில் சௌமு வந்து இறங்கினாள். தெருவை மறித்துப் பந்தல் போட்டிருந்தது. அறுபது எழுபது பெண்கள் பாயில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நஸ்ரா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தாள். சௌமு ஒரு டின்னைத் திறந்து தட்டில் அடுக்கி, முதல் வரிசைக்கு நீட்டினாள்.

முதல் பெண் கையைக் குறுக்கே ஆட்டினாள். "நோன்பு."

இரண்டாமவளும் நோன்பு என்றாள். மூன்றாமவள் தட்டைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள், ஆசை வந்துவிடும் என்று பயம். நாலாமவள் மிஷி. மிஷிக்கு வாய் சும்மா இருக்குமா?

"அடிப் பாவி, பேரு நோன்பு, நோன்புன்னா என்னன்னு தெரியல பாரு!"

பந்தலே சிரித்தது. மாப்பிள்ளை வீட்டார் உட்பட. சௌமுவுக்குத் தட்டோடு அப்படியே தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. நஸ்ரா மட்டும் சிரிக்கவில்லை. அவளும் நோன்புதான். மருதாணிக் கையை அசைக்க முடியாமல், "அக்கா, மஃரிபுக்குத் தின்னுக்கலாம்கா, எடுத்து வைங்க" என்று மெதுவாகச் சொன்னாள்.

மஃரிபு ஆறே முக்காலுக்கு. இரண்டே முக்கால் மணி நேரம். தட்டில் இருந்த மாம்பழத்தின் தேங்காய்ப்பால் அதற்குள் பளபளவென்று வியர்க்க ஆரம்பித்துவிட்டது. சௌமு தட்டை டின்னுக்குள் கவிழ்த்து மூடினாள்.

"வீட்டுக்குப் போயி ஃப்ரீஸர்ல போட்டுட்டு வந்துடறேன்" என்றாள் மிஷியிடம்.

"எந்த ஃப்ரீஸர்ல? கரண்டு போயி அரைமணி ஆச்சு. சந்து முச்சூடும் இல்ல. நான் கதவைச் சாத்தும்போதே விளக்கு அணைஞ்சிருச்சு" என்றாள் மிஷி. இப்போது அவளும் சிரிக்கவில்லை.

ஸெயானாம்மா பாயில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணால் மட்டும் பின்கட்டுப் பக்கம், சட்டிகள் அடுக்கியிருந்த மூலையைக் காட்டினாள்.

சௌமு பின்கட்டுக்குப் போனாள். சட்டிகளின் பக்கத்தில் நின்றாள். கழுவுவதற்குத் தண்ணீர் நிரப்பின பெரிய நீலப் பீப்பாய் ஒன்று இடுப்புயரத்துக்கு நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றவளுக்கு, என்ன ஆச்சரியமோ, பிறந்த ஊரான காஸியில் அப்பாவின் மீன் கொட்டகை ஞாபகம் வந்தது. கடலோரத்தில் இறால் வாங்கி மொம்பாசா பஸ்ஸில் ஏற்றுகிறவர் அவர். சாதா ஐஸில் வைத்தால் இறால் பஸ் ஏறும் முன் கூழாகும். நொறுக்கின ஐஸில் கல் உப்பைப் போட்டுக் கலந்தால் கடவுளே, கைவைத்தால் தோல் ஒட்டிக்கொள்ளும் குளிர். இறால் கல்லாகப் போய் இறங்கும். சின்ன வயதில் அந்தச் சாக்குகளை மிதித்து மிதித்து அவள் பாதம் வெடித்ததே.

"மிஷி! இந்தத் தண்ணியையெல்லாம் சட்டிங்கள்ல ஊத்து. பீப்பாயைக் காலி பண்ணு."

"எதுக்குடி?"

"ஊத்துன்னா ஊத்து. கோம்போ! வண்டியத் திருப்பு. ஐஸ் கம்பெனிக்கு."

நல்ல அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு சௌமு கைவண்டிக்கு முன்னால் ஓடினாள். நாற்பத்திரண்டு வயதுப் பெண் அந்த வெயிலில் சந்தில் ஓடுவதைப் பார்த்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். யாருக்கோ பிரசவ வலி என்று நினைத்திருப்பார்கள்.

"மீன் ஐஸா வாங்கப் போற?" என்று கேட்டான் கோம்போ மூச்சு வாங்க.

"மீனைத் தொடாத ஐஸு. அச்சிலேருந்து இறங்கினது, பளிங்கு மாதிரி இருக்கணும். மூணு பார். மீன் வாடை ஒரு துளி வந்தாலும் என்னை உயிரோட பொதைச்சிருவாங்க."

மூன்று பார் ஐஸ், வழியில் பதினைந்து கிலோ கல் உப்பு. திரும்பி வரும்போது நாலே முக்கால். பின்கட்டில் அடுப்புக்காரிகள் பிலாவைத் தம்மில் போட்டிருந்தார்கள். சௌமு யாரிடமும் கேட்கவில்லை. மூலையில் சாத்தியிருந்த உலக்கையை எடுத்து, சாக்கில் சுற்றின ஐஸை இடிக்க ஆரம்பித்தாள். அது ஸெயானாம்மாவின் உலக்கை, மாமியார் வழியில் வந்தது. மசாலாவைத் தவிர அதில் எதுவும் பட்டதில்லை. பிலாவுக்காரி "யா அல்லாஹ்!" என்று மார்பில் கைவைத்தாள்.

அடியில் தேங்காய் நார், மேலே சாக்கு, ஒரு படி ஐஸ், இரண்டு கை உப்பு, டின்கள், மறுபடி ஐஸ், மறுபடி உப்பு. உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கிவிடாமல் ஒவ்வொரு மூடியின் விளிம்பையும் பிசைந்த சப்பாத்தி மாவை வைத்து அடைத்தாள். மாவு யாருடையது என்று கேட்காதீர்கள், அதுவும் கல்யாண மாவுதான். மேலே சாக்கு, பலகை. பலகை ஆடியது. காற்று உள்ளே போகும் என்று அவளே ஏறி அதன்மேல் உட்கார்ந்தாள்.

அங்கேயே உட்கார்ந்தாள்.

கல்யாணப் பெண்கள் ஒவ்வொருத்தியாகப் பின்கட்டை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். "கோழி அடைகாக்குது" என்றாள் ஒருத்தி. "எப்ப குஞ்சு பொரியும் சௌமு?" என்றாள் இன்னொருத்தி. பசியும் தாகமுமாக இருக்கிறவர்களுக்குப் பொழுது போகவேண்டாமா? சௌமுவுக்குப் பலகை வழியாக ஏறின குளிரில் முதலில் சுகமாக இருந்தது, பிறகு தொடை மரத்தது, பிறகு உட்கார்ந்த இடம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. வெளியே முகத்தில் வேர்வை வழிந்தது. அப்பாவின் இறாலுக்கு இது சரி. தேங்காய்ப்பாலுக்கும் மாம்பழத்துக்கும்? அவள் இதுவரை செய்ததில்லை. கீழே உள்ள டின்களில் உப்பு இறங்கியிருந்தால் எல்லாம் பாழ்.

ஐந்தரை மணிக்கு ஸெயானாம்மாவே வந்தாள். அவள் பின்கட்டுக்கு வந்தாலே அடுப்புக்காரிகள் கரண்டியை நேராகப் பிடிப்பார்கள். உலக்கையைப் பார்த்தாள். மாவுப் பாத்திரத்தைப் பார்த்தாள். பீப்பாயைப் பார்த்தாள்.

"எறங்கு. தொறந்து காட்டு."

"மாட்டேன்" என்றாள் சௌமு.

ஸெயானாம்மாவிடம் அந்த வார்த்தையை அவள் புருஷன்கூடச் சொன்னதில்லை என்பார்கள்.

"யார்கிட்ட பேசுறேன்னு தெரியுதா?"

"தெரியுதும்மா. தொறந்தா வெக்கை உள்ளே போயிரும். பாங்கு சொன்னதும் தொறக்கறேன். வீணாப் போயிருந்தா இந்தச் சட்டியெல்லாம் நான் ஒருத்தியே கழுவறேன். இனிமே இந்தத் தெருவுல வாசல்லகூட ஐஸ் விக்க மாட்டேன். ஆனா இப்பத் தொறக்க மாட்டேன்." பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

ஸெயானாம்மா குனிந்து உலக்கையை எடுத்து, முந்தானையால் ஈரத்தைத் துடைத்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டாள். பதினோரு வருஷத்துப் பிழைப்பையும் ஒரே வாயால் பந்தயம் கட்டிவிட்டோமே என்று சௌமுவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"உனக்கென்ன பைத்தியமாடி? சோத்துக்கு என்ன பண்ணுவ?" என்று மிஷி காதோரம் வந்து கேட்டாள்.

"ஒன் மீனை வறுத்துப் போடு" என்றாள் சௌமு. இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு கொஞ்சம் தைரியமாக இருந்தது.

ஆறே முக்கால். பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. முதல் பாங்குச் சத்தம் வந்ததும் பந்தலில் பேரீச்சம்பழமும் தண்ணீரும் கைமாறின. சௌமு பீப்பாயிலிருந்து இறங்கினாள், இறங்கும்போது கால் மடங்கி மிஷியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். பலகையை எடுத்தாள். வெள்ளைப் புகை போல் குளிர் எழுந்தது. முதல் டின்னைத் துடைத்து, மாவைச் சுரண்டி, மூடியை நெம்பினாள். உள்ளே ஏழு மாம்பழ ஐஸும் மேலே உறைபனி பூத்து நின்றன. ஒன்றை எடுத்து நக்கிப் பார்த்தாள். உப்பு இல்லை. அடியில் இருந்த டின்னைத் தோண்டி எடுத்து அதையும் நக்கினாள். அதிலும் இல்லை. "அல்ஹம்துலில்லாஹ்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

ஆனால் ஐஸ் ஐஸாக இல்லை, கருங்கல்லாக இருந்தது. கடித்தாள், பல் வழுக்கியது. இறாலைக் கல்லாக்கின உப்பு மாம்பழத்தை மட்டும் விட்டுவைக்குமா?

தொழுகைக்குப் பாய் விரித்துக்கொண்டிருந்த ஸெயானாம்மா வந்து ஒன்றை எடுத்தாள். வெள்ளி மோதிரத்தால் அதன்மேல் தட்டினாள். டக் டக் என்று கேட்டது.

"இத யாரு கடிக்கிறது? எனக்கு மேல மூணு பல்லுதான் இருக்கு."

சௌமு நிமிர்ந்தாள். அந்த ஒரு கணத்தில் அவளுக்கு எல்லாம் கணக்காகத் தெரிந்துவிட்டது, பதினோரு வருஷம் பிள்ளைகள் நக்குவதைக் கதவோரம் நின்று பார்த்த கணக்கு.

"நீங்க தொழுதுட்டு வாங்கம்மா. மூணு ரக்அத்து தொழணும், அப்புறம் சுன்னத்துத் தொழுகை ரெண்டு, அப்புறம் உங்க துஆ. உங்க துஆ முடியறதுக்குள்ள இது பதமா எளகிரும்."

ஸெயானாம்மாவின் துஆ, அந்த வேண்டுதல், எவ்வளவு நீளம் என்று தெருவுக்கே தெரியும். செத்தவர், இருப்பவர், மஸ்கட்டில் இருப்பவர், கப்பலில் இருப்பவர் என்று ஒருவரையும் விடமாட்டாள். பிலாவுக்காரி முந்தானையை வாயில் வைத்து அடக்கினாள். ஸெயானாம்மாவின் உதட்டோரம் துடித்தது, சிரிப்போ கோபமோ தெரியவில்லை. ஐஸைத் தட்டில் வைத்துவிட்டுத் தொழப் போனாள்.

சௌமு தட்டுகளில் எல்லாவற்றையும் ஒற்றை வரிசையாகப் பரப்பினாள். மேலே பலகையோ துணியோ எதுவும் போடவில்லை. ஓரத்தில் நின்று அவளும் தொழுதாள், ஒரு கண் தட்டின்மேல். அல்லாஹ் மன்னிப்பான். வரிசையில் நெற்றி தரையைத் தொடும்போதெல்லாம் மாம்பழத்தின்மேல் இருந்த உறைபனி கொஞ்சம் கொஞ்சமாக மங்கியது. துஆவில் ஸெயானாம்மா மஸ்கட்டுக்கு வந்து, கப்பலுக்கு வந்து, அன்றைக்கு ஏனோ ஃப்ரீஸருக்குக் கரண்டு வரவேண்டும் என்றும் ஒரு வரி சேர்த்தாள். ஆமீன் என்று எல்லோரும் சொல்லி எழுந்தபோது தேங்காய்ப்பால் மேல்தோல் மெல்லப் பளபளத்தது. சௌமு ஒன்றை அழுத்திப் பார்த்தாள். நகம் இறங்கியது.

அதன் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது? பதினான்கு மணி நேரம் காய்ந்த வாய்கள். வெந்துபோன பகல். அதில் மாம்பழம் விழுந்தது, ஆனைப்புளி விழுந்தது, மிளகாய் போட்ட புளி விழுந்தது. முதலில் மாப்பிள்ளையின் அக்கா "அம்மாடி!" என்றாள். அப்புறம் கைகள். இன்னொன்று, புளி இருக்கா, அந்த வெள்ளை எங்கே, எனக்கு ஒண்ணு எடுத்து வை என்று தட்டைச் சுற்றி ஒரே தள்ளுமுள்ளு. சமோசா ஆறிக்கொண்டிருந்தது. நஸ்ராவின் கையில் மருதாணி காயவில்லை என்பதால் சௌமுவே அவளுக்கு ஊட்டினாள். நஸ்ரா கண்ணை மூடிக்கொண்டு, எட்டு வயதில் தின்ற மாதிரியே குச்சியைக் கடைசிவரை உறிஞ்சினாள்.

ஸெயானாம்மா ஆனைப்புளி ஒன்று தின்றாள். குச்சியை மடியில் வைத்தாள். பிறகு புளி ஒன்று எடுத்தாள். மூன்றாவதாக மாம்பழத்துக்குக் கை நீட்டினபோது மிஷி, "மூணு பல்லுக்கு மூணு ஐஸு" என்று முணுமுணுத்தாள். ஸெயானாம்மா கேட்டும் கேளாதவள் போல் தின்றாள்.

எட்டு மணிக்குள் பிலாவும் முடிந்தது. ஷம்ஸா லேசோ மூட்டையைக் கொண்டுவந்து பந்தலில் அவிழ்த்தாள். பெயர் கூப்பிடுகிற நேரம். சௌமு அங்கே நிற்கவில்லை. நிற்கத் தைரியம் இல்லை. ஐஸ் நன்றாயிருந்தது, பந்தயத்தில் தோற்கவில்லை, வாசலில் விற்றுக்கொள்ளலாம், அது போதும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். கை பழக்கமாகச் சாம்பலை அள்ளியது. பிலாவ் சட்டிக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். பந்தலில் பிலாவுக்காரியின் பெயர் கேட்டது, குலவை கேட்டது. சமோசாக்காரியின் பெயர். மறுபடி குலவை. அல்வாக்காரி. பிறகு சத்தம் இல்லை. முடிந்தது என்று சௌமு இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

"இந்தச் சட்டிய யாரு தொட்டது?"

தலையை வெளியே எடுத்தாள். பின்கட்டு வாசலில் ஸெயானாம்மா நின்றாள். பின்னால் ஷம்ஸா, மிஷி, கையில் மருதாணியோடு நஸ்ரா, அவர்களுக்குப் பின்னால் பாதிப் பந்தல்.

"நான்தாம்மா" என்றாள் சௌமு. என்ன தப்பு என்று புரியாமல் கையிலிருந்த நாரைப் பார்த்தாள்.

"வச்சிரு கீழே. சமைச்சவ சட்டி கழுவக்கூடாதுன்னு ஒனக்கு யாரும் சொல்லலையா? பதினோரு வருஷமா இங்கதான கெடக்க?"

சௌமு நாரைக் கீழே போட்டாள். ஸெயானாம்மா திரும்பிப் பந்தலுக்குக் கேட்கிற மாதிரி குரலை உயர்த்தினாள். "ஐஸு, சௌமு!" அவ்வளவுதான் சொன்னாள். குலவை சுவரில் மோதித் திரும்பி வந்தது. மிஷியின் குலவைதான் எல்லாவற்றிலும் உரக்க இருந்தது. சௌமு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், பொத்தின கையில் இருந்த சாம்பல் முகமெல்லாம் ஆயிற்று.

"அழுது முடிச்சிட்டு ஒண்ணு கேளு" என்றாள் ஸெயானாம்மா. "ரமலானுக்கு இன்னும் பன்னெண்டு நாளு. நோன்பு தெறக்கறதுக்கு இந்தப் புளி ஐஸு எனக்குத் தெனம் வேணும். பீப்பாய் நான் தர்றேன். உலக்கைய மட்டும் கேட்டுட்டு எடு."

ஷம்ஸா லேசோவை விரித்துக்கொண்டு முன்னால் வந்தாள். சிவப்பில் மஞ்சள் முந்திரிப்பழம் போட்டது.

"இருடி, கையெல்லாம் சாம்பலு, துணி வீணாயிரும்" என்றாள் ஸெயானாம்மா. சட்டியில் ஊற்றி வைத்திருந்த தண்ணீரில் ஒரு குவளை மொண்டாள். "நீட்டு கையை."

சௌமு இரண்டு கையையும் நீட்டினாள். ஸெயானாம்மா தண்ணீர் ஊற்றினாள், சாம்பல் போகும்வரை.